தையலுக்கு மேலே ஒரு பட்டி

ஜிம்மி முதலில் கடித்துக் கிழித்தது என் தையலைத்தான். தம்பியின் கைக்கு அது பிறகுதான் வந்தது. ஆனபடியால் அந்த நாயோடு எனக்கு இருந்த கோபம் தம்பிக்காகத் தொடங்கியது என்று சொன்னால் அது பொய். தொழில் பகையாகத்தான் தொடங்கியது.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பேலில், ஒரு மரக்கறிக் கடைக்கும் கைத்தொலைபேசி திருத்துகிற கடைக்கும் நடுவில், கதவு அகலத்துக்கு ஒரு கடை வைத்திருக்கிறேன். பெயர்ப்பலகையில் 'சிவமணி' என்று தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதியிருக்கும். தோல் ஜாக்கெட், சூட்கேஸ், சைக்கிளில் சாப்பாடு கொண்டு ஓடுகிற பெடியளின் முதுகுப் பை, கடைவாசலில் இழுத்துவிடுகிற தடித்த துணிப் பந்தல், எது கிழிந்தாலும் என்னிடம் வரும். "தையல் விட்டுப்போச்சு அக்கா" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஏதோ தையலுக்கு ஒரு நாள் அலுத்துப்போய்த் தானாக விட்டுவிட்ட மாதிரி.

தையல் தானாக விடாது. நூல் தோலுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். உரசுகிறதெல்லாம் முதலில் அதைத்தான் உரசும். தோல் ஒரு ஆயுளுக்கு நிற்கும், நூல் இரண்டு மாரிக்குள் தேய்ந்துபோகும். அதனால் தோலில் மெல்லிய பள்ளம் கீறி, நூலை அதற்குள் படுக்க வைக்கவேண்டும். மேலே மெழுகு தேய்க்கவேண்டும். இன்னும் கடுமையாக அடிபடுகிற இடமென்றால் தையலுக்கு மேலே ஒரு தோல் பட்டி போட்டு மூடிவிடவேண்டும். அடியும் உரசலும் பட்டிக்கு, கீழே தையல் நிம்மதியாகக் கிடக்கும். பட்டி தேய்ந்தால் பிடுங்கி எறிந்துவிட்டு வேறொன்று போடலாம். என் வித்தை இவ்வளவுதான். இதைத் தெரிந்தவர்களிலும் முக்கால்வாசிப் பேர் செய்யமாட்டார்கள். பஞ்சி, சோம்பல்.

கரிகாலன் முதலில் தன் தோல் ஜாக்கெட்டோடுதான் வந்தான். நாயோடு காவல் வேலை செய்கிறவன். சென் தெனிப் பக்கம் சாமான் கிடங்குகளில் நிற்பவன். நாய்களைப் பழக்கிக் காவல் கொம்பனிகளுக்குக் கொடுப்பதும் உண்டு. இடது கையில் நாய்க் கயிற்றைச் சுற்றிப் பிடிக்கிற பழக்கத்தால், ஜாக்கெட்டின் இடது முன்கைத் தையல் முழுவதும் தேய்ந்து வாயைத் திறந்திருந்தது. புதிதாகத் தைத்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தடித்த மாட்டுத்தோல் பட்டி ஒன்று போட்டேன். பட்டியைப் பிடிக்கிற விளிம்புத் தையல் இரண்டையும் ஒன்றும் உரசாத அடிப்பக்கத்துக்குக் கொண்டுபோய் ஒளித்தேன். நான் போட்ட பட்டிகளில் அதுதான் திறம். போட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, இனி இதை வெடி வைச்சாலும் பிரிக்கேலாது" என்றான். எனக்கு உச்சி குளிர்ந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

அவனோடு வந்த நாய் வாசலில் குந்தியிருந்தது. ஓநாய் மாதிரி முகம், கறுத்த மூஞ்சி. இந்தச் சாதி நாயை இங்கே மலினுவா என்பார்கள். அதற்கு ஜிம்மி என்று பெயர் வைத்திருந்தான். ஊரில் வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடுகிற நாய்க்கெல்லாம் வைக்கிற பெயர். பெயர் மட்டுமில்லை, அந்த நாயைப் பழக்கியதும் தமிழில்தான்.

"பிரெஞ்சிலை பழக்கினால் கள்ளனும் பிரெஞ்சிலை சொல்லி நிப்பாட்டிப்போடுவான் அக்கா. தமிழ் எண்டால் கள்ளனுக்கு விளங்காது" என்றான்.

லா சப்பேலில் நின்றுகொண்டு இதைச் சொன்னான். வாசலுக்கு வெளியே நின்ற அத்தனை பேரும் தமிழில்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடிக்க 'சூ'. நிறுத்த 'விடு'. ஜிம்மியின் தமிழ் இவ்வளவுதான். நாயை உசுப்பிவிட நாங்கள் எல்லோரும் சின்ன வயதில் சொன்ன அதே 'சூ'. "ஆர் சொன்னாலும் செய்யும். ஆனால் அளவாச் சொல்லவேணும்" என்றான் கரிகாலன். "ஒரு எழுத்துக் கூடினாலும் ஜிம்மிக்கு அது வேறை சொல்லு."

என் தம்பி லவன் அவனிடம் வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பிறகு, என் கடையில் கண்ட பழக்கத்தால். பாரிஸில் எத்தனையோ வேலை இருக்கிறது. இவன் கடி வாங்குகிற வேலையைத் தேடிப் பிடித்தான். நாயைப் பழக்கும்போது கள்ளன் மாதிரி நடிக்க ஒரு ஆள் வேண்டும். தோளிலிருந்து விரல் நுனிக்கும் அப்பால் வரை நீளுகிற ஒரு கவசத்தைக் கையில் மாட்டிக்கொண்டு ஓடவேண்டும். நாய் பாய்ந்து அந்தக் கவசத்தைக் கவ்வும். உள்ளே விறைத்த தோல், வெளியே தடித்த சணல் துணி, நீளத்துக்கு ஒரு தையல். லவன் மூன்று வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தவன். அம்மா போனபிறகு அவனுக்கு நான், எனக்கு அவன். முப்பது வயதாகியும் நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில்தான் பதில் சொல்வான். சமையலறையில் சட்டி கழுவுவதைவிட இது மேல், வெளிக்காற்று என்று சொன்னான். நான் வேண்டாம் என்று சொன்னேன். யார் கேட்கிறார்கள்.

முதல் மாதமே கவசம் கிழிந்து என் மேசைக்கு வந்தது. தையல் பிளந்து, நூல் நார் நாராய்த் தொங்கியது. நான் இரட்டை நூலில் தைத்தேன். திரும்பவும் வந்தது, அதே இடத்தில். மூன்றாம் முறை வந்தபோது எனக்குப் பிடரியில் சூடு ஏறிவிட்டது. கடையைப் பூட்டிவிட்டு, பொபினியில் பாழடைந்த தொழிற்சாலைக்குப் பின்னால் அவர்கள் நாய் பழக்குகிற வெறும் காணிக்கே போனேன்.

லவன் ஓடினான். கரிகாலன் 'சூ' என்றான், உரத்துக்கூட இல்லை. ஜிம்மி தரையோடு தரையாகப் போய் எழும்பி அவன் கையில் தொங்கியது. லவன் சுழன்று விழுந்தான். நாய் அவனைக் கல்லிலும் கண்ணாடித் துண்டிலும் இழுத்துக்கொண்டு போனது. நான் நாயின் வாயை மட்டும் பார்த்தேன். கவ்வியபடி அது சும்மா இருக்கவில்லை. வாயைக் கொஞ்சம் தளர்த்தும், ஒரு விரற்கடை நகர்த்தும், திரும்பவும் இறுக்கும். தேடியது. வேட்டைப் பல் நூலில் கொளுவியதும் தலையை உதறத் தொடங்கியது. போன முறை எங்கே துணி விட்டுக்கொடுத்ததோ அந்த இடத்தை ஞாபகம் வைத்திருந்தது.

"நாய்க்கு என்ரை தையல் எங்கை கிடக்கெண்டு தெரியும்" என்று கரிகாலனிடம் சொன்னேன்.

"கெட்டிக்காரன்" என்று அவன் நாயைத் தடவினான். லவன் எழும்பி வாய்க்குள் போன மண்ணைத் துப்பினான். கடைவாயில் இரத்தம் வடிந்தது. சிரித்தான்.

அன்றைக்கே கவசத்தை வாங்கிக்கொண்டு வந்து தையலைப் பள்ளத்துக்குள் இறக்கினேன். மேலே கையகலத் தோல் பட்டி. விளிம்புத் தையல் அடிப்பக்கம், வாய் எட்டாத இடத்தில். அடுத்த முறை ஜிம்மியின் பல் வழுக்கியது. நகர்த்தித் தேடியது, வழுக்கியது. கடைசியில் களைத்துப்போய் விட்டுவிட்டது என்று லவன் வந்து சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து அவனே பயந்துபோனான்.

கரிகாலனுக்குச் சந்தோஷம் இல்லை. கவசத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டான்.

"பட்டியைக் கழட்டிவிடுங்கோ அக்கா. நாய் தோக்குது. தோத்துப் பழகினால் அது கடிக்கிறதை விட்டுடும். கொம்பனியிலை இருந்து பாக்க வருகினம். ஜிம்மி ஒருக்கா இதைக் கிழிச்சுக் காட்டவேணும்."

"கிழிச்சால் உள்ளுக்கை என்ன இருக்கு?"

"தோல் இருக்கு."

"அந்தத் தோலிலையும் அதே இடத்திலைதான் தையல் ஓடுது. அதுக்குள்ளை?"

அவன் கவசத்தைப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தான்.

"அதுக்குள்ளை என்ரை தம்பி இருக்கிறான். நீர் வேணுமெண்டால் உம்மடை கையைக் குடும். பட்டி கழட்டமாட்டன்" என்றேன்.

சிரித்துக்கொண்டே கவசத்தை எடுத்துக்கொண்டு போனான். அந்தச் சிரிப்பை நான் நம்பிவிட்டேன்.

கொம்பனி ஆட்கள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். செபஸ்டியன் என்று பாண்டிச்சேரிக்காரர் ஒருவர், காவல் கொம்பனியில் பெரிய ஆள். அவரோடு வேலை செய்கிற செசில் என்ற பெண். நானும் போனேன். என் பட்டி வெல்வதைப் பார்க்கப் போனேன் என்றுதான் சொல்லவேண்டும். கரிகாலன் காரடியில் நின்று செபஸ்டியனுக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தான். ஜிம்மி கயிறு இல்லாமல், இருத்தின இடத்தில் இருந்தது. லவன் கவசத்தை மாட்டிவிட்டு, நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோள் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான். ஒன்றும் தொடங்கவில்லை.

செசிலுக்குத் தொலைபேசி வந்தது. ஆண்கள் இருவரும் சத்தமாய்ச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் திரும்பி, உதட்டில் விரலை வைத்து, பிரெஞ்சுக்காரர் ஒருவரை ஒருவர் சத்தம் போடாதே என்று அடக்குவார்களே, அந்தச் சொல்லைச் சொன்னாள்.

"ச்சுட்."

கடைசி எழுத்து ஆண்களின் சிரிப்பில் அமுங்கிப்போனது. ஜிம்மிக்குக் கேட்டது 'சூ'.

லவன் திரும்பவும் நேரம் இருக்கவில்லை. பின்னாலிருந்து வந்த பாரத்தில் முகம் அடிபட விழுந்தான். மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. நாய் கவசத்தைக் கவ்வி நகர்த்தித் தேடியது. இந்த முறை வழுக்கவில்லை. பட்டி வாழைத்தோல் மாதிரி உரிந்து வந்தது. பல் தையலில் கொளுவியது. ஜிம்மி உதறியது. சணல் பிளந்தது, உள்ளே தோல் பிளந்தது, அதற்குப் பிறகு பிளந்தது துணியும் இல்லை, தோலும் இல்லை. வெள்ளைச் சணல் முழங்கையிலிருந்து கீழே சிவந்துகொண்டு வந்தது.

லவன் கத்தினான். "லாஷ்! லாஷ்!" என்று கத்தினான். பிரெஞ்சில் 'விடு'. அவனுக்கு வலி வந்தால் பிரெஞ்சுதான் வரும். செபஸ்டியனும் செசிலும் அதையேதான் கத்தினார்கள். மூன்று பேர் தொண்டை கிழியக் கத்த, தமிழ் மட்டும் தெரிந்த நாய் என் தம்பியின் கையைத் தின்றுகொண்டிருந்தது.

நான் ஓடினேன். "விடடா நாயே, விடடா" என்று கத்திக்கொண்டு ஓடினேன். தமிழ்தான், ஆனால் அளவில்லை. நாய் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. கையில் அகப்பட்ட மடிப்புக் கதிரையால் அதன் முதுகில் அடித்தேன். கதிரைக் கால் வளைந்தது. நாய் இன்னும் இறுக்கியது. லவனின் விரல்கள் கவசத்தின் வாயிலிருந்து வெளியே வந்து நிலத்தைப் பிறாண்டின. கரிகாலன் ஓடவில்லை, கோப்பிக் குவளையைக் காரின் மேல் வைத்துவிட்டு நடந்து வந்து, "விடு" என்றான்.

ஜிம்மி விட்டுவிட்டுக் குந்தியது. வாயில் இரத்தத்தோடு வாலை ஆட்டியது.

கையில் சால்வையைச் சுற்றி இறுக்கியதும், செபஸ்டியனின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனதும் எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். கவசத்தை நான் விடவில்லை. வெட்டிக் கழற்றினதை மடியில் வைத்துக்கொண்டுதான் நடைபாதையில் இருந்தேன். லவனை உள்ளே வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியாதபடியால் நான் என் தையலைப் பார்த்தேன்.

பல்லால் அறுந்த நூல் தும்புக்கட்டை மாதிரி நுனி விரிந்து நிற்கும். மேலே தையலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அடிப்பக்கத்தில், வாய் எட்டாத இடத்தில், பட்டியைப் பிடித்த விளிம்பு நூல்களில் பாதி ஒரே மட்டமாக, சுத்தமாக அறுந்து நின்றன. கத்தி. ஒன்றுவிட்டு ஒன்று வெட்டியிருந்தான் கரிகாலன், பார்வைக்குத் தெரியாமல் இருக்க. எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நல்லது. கை இரண்டும் குளிர்ந்துபோய், அந்தக் குளிரோடு ஒரு எண்ணம் வந்து இருந்துவிட்டது. அவனுடைய கையும் இப்படி ஆகவேண்டும்.

லவனின் முன்கையில் மணிக்கட்டு வரை தையல். மேலே பட்டி இல்லாத தையல், வெறும் கட்டுத் துணி. சின்ன விரலும் மோதிர விரலும் இனி மடங்காது என்றார் டொக்டர்.

கரிகாலன் கடைக்கு வந்தது சனிக்கிழமை காலையில். கடையில் இம்மாகுலேற் அம்மா இருந்தார், பாண்டிச்சேரிக்காரர், தபால் கந்தோரில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். அவருடைய கைப்பையின் பழைய வாரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தையல் பிரிக்கிற சின்னக் கத்தி கையில். கவசம் மேசை மூலையில் கிடந்தது. கரிகாலன் அதே ஜாக்கெட்டோடு, ஜிம்மியோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினான். நாய் என்னைக் கண்டு வாலை ஆட்டியது.

"லவன் எப்பிடி அக்கா?"

"ரெண்டு விரல் போச்சு."

"கவலையாத்தான் கிடக்கு." மேசை மூலையைப் பார்த்தான். "அக்கா, கொம்பனியாலை கேக்கினம். நான் உள்ளதைச் சொன்னன். தையல் விட்டுப்போச்செண்டு. கோவியாதேங்கோ, உங்கடை தையல்தானே விட்டது. அவையளுக்குக் காட்டவேணும், கவசத்தைக் கொண்டுபோறன்."

என் தம்பியின் கையைக் கெடுத்துவிட்டு, என் கடைக்குள் நின்று, தையல் விட்டது என்றான்.

"விளிம்பு நூலைப் பாத்தனீரே?" என்று கேட்டேன்.

"நூல் எண்டால் அறும்தானே."

பிறகு என்னைக் கேட்காமல் மேசை மூலைக்குப் போய்க் கவசத்தைத் தூக்கி இடக்கையில் அணைத்துக்கொண்டான். அவன்தான் பழக்கினவன். எந்தக் கையில் கவசம் இருக்கிறதோ அந்தக் கைதான் ஜிம்மிக்குக் கள்ளனின் கை என்று அவனுக்கல்லவா தெரிந்திருக்கவேண்டும். எனக்குத் தெரிந்தது. நான் சத்தம் போடவில்லை.

"சூ" என்றேன்.

ஜிம்மி ஒரு கணம் எங்கள் இருவரையும் பார்த்தது. பிறகு பாய்ந்தது. கரிகாலன் தையல் இயந்திரத்தோடு மோதி, அதையும் இழுத்துக்கொண்டு மல்லாக்க விழுந்தான். பின்மண்டை தகர அலுமாரியில் இடித்தது. நூற்கட்டைகள் கொட்டுண்டன. கவசம் கைதவறிப் போனது, நாய் அதை விட்டு அவன் முன்கையைக் கவ்வியது. இம்மாகுலேற் அம்மா பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டினார்.

"விடடா. விடடா ஜிம்மி. விடடா நாயே" என்று கத்தினான் கரிகாலன்.

நான் பொபினியில் கத்திய அதே சொற்கள். அவன் அந்த நாயிடம் இதுவரை கடி வாங்கியதில்லை. நின்று சொல்லிப் பழகியவனுக்கு விழுந்து கிடந்து சொல்லத் தெரியவில்லை. காலால் உதைத்தான். வலக்கையால் நாயின் கண்ணைக் குத்தினான். ஜிம்மி கண்ணை மூடிக்கொண்டு இறுக்கியது. தளர்த்தி, நகர்த்தி, தேடியது. தையல் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும். ஆனால் பல் வழுக்கியது. திரும்பவும் வழுக்கியது.

பட்டி. நான் போட்ட பட்டி. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், நான் போட்டதிலேயே திறமான பட்டி. அதற்குக் கீழே அவனுடைய தோல் ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது. என் வாழ்க்கையில் என் கைவேலையை நான் சபித்தது அன்றைக்குத்தான்.

அவன் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். நாயின் மூச்சு என் கன்னத்தில் அடித்தது. பட்டியின் விளிம்புத் தையல் அடிப்பக்கம், வாய் எட்டாத இடம். என் கத்தி எட்டும். அவன் கையைப் பிரட்டி, முதல் நூலுக்குக் கீழே கத்தி நுனியை விட்டேன். அவன் கண்டுவிட்டான்.

"அக்கா, என்ன செய்யுறீங்கள்?"

"நீ செய்ததைத்தான். லவன்ரை கவசத்திலை பட்டியை வெட்டினது ஆர்?"

"நாயைப் பிடியுங்கோ அக்கா, கை முறியுது."

ஒரு நூலை வெட்டினேன். டிக் என்று ஒரு சின்னச் சத்தம்.

"ஆர்?"

"அக்கா, உங்களைக் கும்பிட்டன்."

இன்னொன்று. பட்டியின் ஓரம் எழும்பியது. ஜிம்மியின் பல் அந்தப் பக்கம் நகர்ந்தது.

"நான்தான்" என்றான். "நான்தான் வெட்டினனான். அவையளுக்குக் காட்டத்தான். நான் பக்கத்திலை நிண்டு உடனை நிப்பாட்டலாமெண்டு நினைச்சன். அந்தப் பொம்பிளை அப்பிடிச் சொல்லுவா எண்டு ஆர் கண்டது."

"உரத்துச் சொல்லு. அம்மாவுக்குக் கேக்கேல்லை."

"நான்தான் வெட்டினனான்."

"போதும் சிவமணி" என்றார் இம்மாகுலேற் அம்மா. "அதான் சொல்லிட்டானே. நாயைப் புடி, போதும்."

போதும்தான். யார் கேட்டாலும் அதோடு போதும் என்றுதான் சொல்வார்கள். எனக்கு வேண்டியது அவன் வாயிலிருந்து வந்துவிட்டது, கேட்கவும் ஒரு ஆள் இருந்தார். 'விடு' என் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் நிலத்தைப் பிறாண்டிய லவனின் விரல்களை நான் பார்த்தவள். மூன்றாவது நூலை வெட்டினேன். நாலாவதையும் வெட்டினேன். பட்டி உரிந்து தொங்கியது. வேட்டைப் பல் என் தையலில் கொளுவியது. ஜிம்மி தலையை உதற, தோல் விடுகிற சத்தம் வந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பிறகு கரிகாலனின் தொண்டையிலிருந்து வந்த சத்தமும் எனக்குத் தெரிந்ததுதான், பொபினியில் கேட்டது.

பல் உள்ளே போனதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் "விடு" என்றேன்.

ஜிம்மி விட்டது. பின்னால் போய்க் குந்தி, இரத்தம் வடிகிற வாயோடு என் முகத்தைப் பார்த்தது. செய்ததற்குத் தடவிவிடுவேன் என்று காத்திருந்தது.

பொலிஸ் வந்தது. நாய் கடித்தது என்று கரிகாலனே சொன்னான். என் கத்தியைப் பற்றிச் சொன்னால் தன் கத்தியைப் பற்றியும் சொல்லவேண்டும் என்று அவனுக்கு விளங்கியிருந்தது. இம்மாகுலேற் அம்மாவிடமும் கேட்டார்கள். "நாய் கடிச்சுது. அந்த ஆளு தான்தான் வெட்டினேன்னு கத்துனாரு, அது காதுல வுழுந்துது. மத்தது எனக்குத் தெரியாது, நான் கண்ணாடி போடலியே" என்றார். கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து செபஸ்டியனைக் கோயில் வாசலில் கண்டு, கேட்டதைக் கேட்டபடி சொல்லியிருக்கிறார். கரிகாலன் பழக்கின நாய் ஒன்றையும் அந்தக் கொம்பனி எடுக்கவில்லை. வேறு கொம்பனியும் எடுக்காது.

ஜிம்மியைக் கூட்டில் அடைத்துக் கொண்டுபோனார்கள். இரண்டு பேரைக் கடித்த நாய், திரும்பி வராது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மனம் நொந்தது. சொன்னதைச் செய்தது, நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தியது. எங்கள் எல்லோரிலும் அதற்குத்தான் ஒழுங்காகத் தமிழ் விளங்கியது.

லவன் வீட்டுக்கு வந்த அன்று புட்டும் மீன்குழம்பும் வைத்தேன். இடக்கையால் கரண்டி பிடித்து, பாதியை மேசையில் கொட்டிக்கொண்டு சாப்பிட்டான். நடந்ததை அவனுக்குச் சொன்னேன். 'சூ' சொன்னது, வெட்டியது, கரிகாலன் ஒத்துக்கொண்ட பிறகும் வெட்டியது, எல்லாம். லவன் கரண்டியை வைத்துவிட்டான்.

"கரிகாலனுக்கு இது காணாது" என்றேன். "ஒரு பல்லுத்தான் உள்ளை போனது. தையல் போட்டுக் காயம் மாறியிருக்கும், பத்து விரலும் மடங்கும். அவன் ஆர்ஜொந்தெய்யிலைதான் இருக்கிறானாம், தமக்கை வீட்டிலை. எனக்கு வீடு தெரியும். தோல் வெட்டுற கத்தி இருக்கு."

சொல்லும்போதே என் கை மேசையில் வெட்டுகிற மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. பகிடிக்குச் சொல்லவில்லை. கத்தியை முதல் நாளே தீட்டி, தோலில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன்.

லவன் எழும்பி வந்தான். கட்டுப் போட்ட கையை என் கைக்கு மேல் வைத்தான். மூன்று விரல் பிடித்தது, இரண்டு விரல் விறைத்துக்கொண்டு நின்றது. பிரெஞ்சில் ஏதாவது நியாயம் சொல்லுவான், நான் திருப்பிக் கொடுக்கலாம் என்று வாயைத் திறந்து வைத்திருந்தேன்.

"விடு" என்றான்.

கத்தவில்லை. முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை, ஒரு எழுத்துக் கூடவில்லை. அளவாகச் சொன்னான். ஜிம்மி என்றால் விட்டிருக்கும்.